வரத்துக்கால்

ஆவணி மாதத்தில் ஒரு காலை. பல்கலைக்கழகத்தின் பின்வாசலில் ஒருவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காத்திருந்தார். கேரியரில் கட்டியிருந்த கூடை நிறையச் செத்த மீன்கள். கட்லா, கெண்டை, உள்ளங்கை அகலத்தில் ஜிலேபி. எல்லாம் வாயைப் பிளந்து கிடந்தன. முந்தைய நாள் சாயங்காலம்தான் நல்ல மழை. இரண்டு மாதத்துக்கு மேல் காய்ந்து கிடந்த பூமியில் பெய்த முதல் பெருமழை. குடியிருப்பில் நாங்களெல்லாம் மொட்டை மாடிக்கு ஏறிப்போய் அதில் நனைந்திருந்தோம்.

வளாகச் சுவருக்கு அப்பால், கூப்பிடு தூரத்தைவிடக் கொஞ்சம் தள்ளி ஒரு ஏரி இருக்கிறது. அதை மீன் குத்தகைக்கு எடுத்திருப்பவர் அவர். "ஜிலேபியைச் சாக்கடையில போட்டாக்கூடக் கிடக்கும் சார். அதுவே செத்திருக்குன்னா பாத்துக்குங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. யாரிடம் கோபித்துக்கொள்வது என்று தெரியாத களைப்புதான் இருந்தது. "உங்க பக்கத்து வரத்துக்கால்ல வந்த தண்ணிதான். ராத்திரியே டார்ச் எடுத்துட்டுப் போய்ப் பாத்தேன். கறுப்பா, நுரையோட வந்துச்சு."

எஸ்டேட் அலுவலகத்துக்கு அவரோடு நானும் போனேன். அங்கே மேஜைமேல் வளாகத்தின் வரைபடத்தை விரித்தார்கள். பொறியாளர் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு விடுதிகளின் பின்புறமாக, ஆய்வுக்கூடங்களின் ஓரமாக விரலை நகர்த்திக்கொண்டே போய் மதில்சுவரில் நிறுத்தினார். "இது மழைநீர் வடிகால். நம்ம வேலை இங்க முடிஞ்சுடுது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கோட்டின் நுனியில் ஒரு அம்புக்குறி இருந்தது. அதற்கு அப்பால் வெறும் தாள்.

நான் தமிழ்த்துறைக்காரன். அன்று மீனைவிடவும் என் மனதில் தைத்தது அந்த இரண்டு சொற்கள். ஒரே கால்வாய். ஏரிக்கரையில் நிற்பவருக்கு அது வரத்துக்கால். மேட்டில் நிற்கிற எங்களுக்கு அது வடிகால். அவர் வருவதைப் பார்க்கிறார். நாங்கள் போவதைப் பார்க்கிறோம், அதுவும் கண்ணுக்கு மறைகிற வரைக்கும்தான்.

சின்ன வயதில் எங்கள் ஊரில் புதுத்தண்ணி என்றால் மீன் ஏறும். கலங்கலில் தண்ணீர் வழியத் தொடங்கியதும் கெண்டையும் கெளுத்தியும் நீரை எதிர்த்துத் துள்ளித் துள்ளி மேலே வரும். முட்டையிட இடம் தேடி வருகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைகள் நாங்கள் துண்டை விரித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்போம். புது மழை மீனுக்குக் கல்யாணக் காலம். இன்றைக்கு அதே புதுத்தண்ணிக்கு மீன் சாகிறது. அடையாற்று முகத்துவாரத்தில் மழைக்குப் பிறகு மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கும் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருக்கிறோம். இதைத் தண்ணீரின் சுபாவமாகவே எடுத்துக்கொள்ளவும் பழகிவிட்டோம்.

மழை விஷம் கொண்டு வருவதில்லை. அது எங்கள் தரையைக் கழுவிக்கொண்டு போகிறது. இரண்டு மாதமாக வளாகத்தில் என்னவெல்லாம் உதிர்ந்ததோ, வழிந்ததோ, சிந்தியதோ அத்தனையையும் முதல் அரைமணி நேர மழை ஒன்றாகத் திரட்டிக்கொள்கிறது. வண்டி நிறுத்துமிடத்து ஆயில் சொட்டு, ஜெனரேட்டர் கொட்டகையின் டீசல் கசிவு, விடுதிச் சமையலறை வாசலில் கொட்டிய சோற்றுக் கஞ்சி, பட்டமளிப்பு விழாவுக்காகப் புல்தரையில் தூவிய யூரியா, மரத்தடியில் மட்கிக்கொண்டிருந்த இலை, நாய் எச்சம், கட்டட வேலைக்குக் குவித்த மணல். இவையெல்லாம் ஒரே வீச்சில் ஏரிக்குள் போய் விழும்போது அவற்றைத் தின்னப் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. தின்பதற்கு அவற்றுக்கும் பிராணவாயு வேண்டும். தண்ணீரில் கரைந்திருப்பதையே எடுத்துக்கொள்கின்றன. இரவில் பாசியும் அதையேதான் சுவாசிக்கிறது. ஆகவே விடிகாலை மூன்று, நான்கு மணிக்குத் தண்ணீரில் மூச்சு கிட்டத்தட்ட தீர்ந்துபோகிறது. கூடையில் கிடந்த மீன்களின் வாய் திறந்திருந்ததற்குக் காரணம் அதுதான். அவை மேல்மட்டத்துக்கு வந்து காற்றைக் குடிக்கப் பார்த்திருக்கின்றன.

அளவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் தார்த்தரையில் பத்து மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 40,000 லிட்டர். பத்து மில்லிமீட்டர் என்பது நம் ஊர்க் கணக்கில் ஒரு சாதாரண சாயங்கால மழை. கூரையும் சாலையும் சிமென்ட் முற்றமுமாக ஒரு வளாகத்தில் நூறு ஏக்கர் இருந்தால் 40 லட்சம் லிட்டர் நிலத்துக்குள் இறங்க வழியில்லாமல் கால்வாயைத் தேடி ஓடுகிறது. முன்பு அதே மேட்டில் மேய்ச்சல் தரையும் கருவேலமும் இருந்தபோது முதல் மழையில் பாதிகூட ஏரிக்குப் போயிருக்காது. மண் குடித்திருக்கும்.

என் பாட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் புது மழைத் தண்ணீரை அவள் ஒருநாளும் பிடிக்கவிட்டதில்லை. "ஓடு கழுவட்டும்" என்பாள். ஓட்டுக்கூரையின் தூசியும் அணில் எச்சமும் குருவி எச்சமும் போகும் வரைக்கும் தண்ணீர் முற்றத்தில் விழும். இரண்டு மழை போன பிறகுதான் தாழ்வாரத்தில் வெண்கல அண்டா வைப்பாள். வாயில் வேட்டித் துணி கட்டி. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது குழாய் போட வந்தவர்கள் முதல் மழையைத் தள்ளிவிடத் தனியாக ஒரு வால்வு வைத்ததைப் பார்த்து எனக்குப் பாட்டியின் நினைவு வந்தது. பொறியியலும் அவளும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம். பாட்டி வேண்டாமென்று விட்ட தண்ணீர் எங்கே போயிற்று? முற்றத்திலிருந்து ஒரு சின்ன வாய்க்காலாக ஓடிக் கொல்லையில் வாழைப் பாத்திக்குள் போயிற்று. பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் அங்கேதான். ஓரமாகக் கல்வாழையும் சேம்பும் நிற்கும். அழுக்குத் தண்ணீர் அவள் வீட்டு எல்லையைத் தாண்டவில்லை. நாங்கள் வால்வைத் திறந்து தள்ளிவிடுகிற தண்ணீர் வடிகாலுக்குப் போகிறது. வடிகாலின் வரைபடம் சுவரோடு முடிந்துவிடுகிறது.

இந்த விஷயத்தில் எனக்குக் கண் திறந்துவிட்டவர் எங்கள் வளாகத்தின் பிளம்பர். ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் மீதமிருந்தன அவருக்கு. மீன் கூடையைப் பற்றிச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சார், இங்க ரெண்டு லைன் இருக்கு. ஒண்ணு கக்கூஸ் தண்ணி போற லைன். அது எஸ்டிபிங்கிற சுத்திகரிப்பு பிளான்ட்டுக்குப் போயி சுத்தமாகித் தோட்டத்துக்கு வருது. இன்னொண்ணு மழைத்தண்ணி லைன். அதுக்கு நடுவுல ஒண்ணும் கிடையாது. நேரா ஏரிதான். ஆனா மேல போட்டிருக்கிற ஜாலி ரெண்டுக்கும் ஒண்ணுதான். பாக்குறவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இருபது ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டு வாசலில் வண்டியைக் கழுவியிருக்கிறேன். சோப்பு நுரையும் செயின் எண்ணெயும் சாலையோர ஜாலிக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். உள்ளே எங்கோ அதைச் சுத்தம் செய்ய ஏதோ இருக்கும் என்று நம்பியிருந்தேன். படித்தவர்கள் நிறைந்த அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அப்படித்தான் நம்பியிருந்தோம். மழைநீர்க் கால்வாயைக் கெடுப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கெட்ட எண்ணம் உள்ளவர்கள் கிடையாது. இரும்புக் கிராதிக்குக் கீழே என்ன நடக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. எனக்கு அந்த அறியாமை இன்றும் உறுத்துகிறது, ஏனென்றால் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு காலை பிளம்பர் ஐந்து புட்டி சொட்டு நீலம் வாங்கி வந்தார். வெள்ளை வேட்டிக்குப் போடுகிற அதே நீலம். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று சந்தேகம் வந்தால் அவர் செய்கிற சோதனை இது. விடுதிச் சமையலறைக்குப் பின்னால் பெரிய அண்டாக்களைத் தேய்க்கிற சிமென்ட் மேடை. அதன் நடுவில் இருந்த துளையில் ஒரு புட்டியைக் கவிழ்த்து, இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றினார். "நீங்க சுவர் ஓரத்து வாய்க்காலுக்குப் போயிடுங்க சார். நீலம் வந்தா குரல் கொடுங்க."

மதிலின் அடியில், வடிகால் வெளியேறும் வாயருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். குழாயின் வாய் ஒரு ஆள் தோள் அகலத்துக்கு இருந்தது. அடியில் மெல்லிய ஓட்டம். மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது. வானம் வெளுத்துக் கிடந்தது. அப்படியிருக்க, மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஏன் ஓடவேண்டும்? அதுவே பாதி விடை. ஓட்டத்தின் ஓரங்களில் சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாக ஏதோ படிந்து, நீரோட்டத்தில் கூந்தல்போல அசைந்தது. கொழுப்பும் சோற்றுப் பசையும் தின்று வளர்கிற நுண்ணுயிர்ப்படலம் என்று பிறகு விலங்கியல் துறை நண்பர் சொன்னார். ஒரு தட்டான் வந்து குழாய் விளிம்பில் உட்கார்ந்து, உடனே எழுந்து போயிற்று. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோராவது நிமிடத்தில் அந்தச் சாம்பல் கூந்தலுக்கு நடுவே ஒரு நீல நூல் தெரிந்தது. முதலில் என் கண்ணின் மயக்கம் என்று நினைத்தேன். நூல் தடித்தது. பிறகு முழு ஓட்டமும் துணி துவைக்கும் வாளிபோல நீலமானது. குரல் கொடுக்க மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஐந்து இடங்களில் ஊற்றினோம். மூன்று இடத்து நீலம் சுவரருகே வந்தது. சமையலறை மேடை, பேருந்து கழுவும் இடம், புதிதாக நீட்டிக் கட்டிய ஆய்வுக்கூடப் பகுதியின் தொட்டி. பிளம்பருக்கு இதில் ஆச்சரியம் இல்லை. "புதுசா கட்டறவங்க பக்கத்துல எந்த சேம்பர் இருக்கோ அதுல சொருகிடுவாங்க சார். பில்லு போட்டா வேலை முடிஞ்சுது. பைப்பு மண்ணுக்குள்ள போனப்புறம் யாரு பாக்கப் போறாங்க."

இந்தக் கோளாறு எங்கள் ஊருக்கு மட்டும் உரியது என்று நினைத்தேன். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கதையைப் பிற்பாடு வாசித்தபோது அந்த எண்ணம் போயிற்று. 1868இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணமே அங்கே ஓடிய ஓடைதான். ஸ்ட்ராபெரி ஓடை. குன்றிலிருந்து இரண்டு கிளைகளாக இறங்கி, வளாகத்துக்குள் ஒன்றுசேர்ந்து, நகரத்துக்கு அடியில் குழாய்களில் புகுந்து சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் கலக்கிறது. ஓடையை நம்பி வந்தவர்களே நூறு ஆண்டுகளில் அதைக் கழிவுக் கால்வாயாக்கிவிட்டார்கள். அதன் உள்ளூர் மீன்கள் இருந்த தடமே இல்லாமல் போயின.

1987இல் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அலுவலகத்தைச் சேர்ந்த ராபர்ட் சார்போனோ ஓடைக்கு ஒரு மேலாண்மைத் திட்டம் எழுதினார். அவரும் பூச்சியியல் பேராசிரியர் வின்சென்ட் ரெஷும் சேர்ந்து இந்த மீட்பைப் பற்றி 1992இல் ஒரு கட்டுரையும் வெளியிட்டார்கள். அங்கேயும் முதல் வேலை குழாய்களைத் தேடுவதுதான். கழிவுநீர்க் குழாய் மழைநீர்க் குழாயோடு தவறாக இணைந்திருந்த இடங்கள், கசிகிற பழைய சாக்கடைகள், கட்டடங்களிலிருந்து நேராக ஓடைக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் என ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து அடைத்தார்கள். தண்ணீர் தெளிந்ததா என்பதற்கு அவர்கள் வைத்த சாட்சிகளில் ஒன்று ஓடைக் கல்லுக்கு அடியில் வாழும் பூச்சிகள். எந்தப் பூச்சி திரும்பி வருகிறது என்பதைப் பார்த்தார்கள். பிறகு உள்ளூர் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். முதுகில் மூன்று முள் உள்ள விரல் நீள மீன் ஒன்று அங்கே மறுபடி நிலைத்தது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அதன் எளிமை. பெரிய ஆலை எதுவும் கட்டவில்லை. தவறாகப் போன குழாயைச் சரியான குழாயில் சேர்த்தார்கள். அதோடு எல்லாம் முடிந்துவிடவும் இல்லை. 2011 டிசம்பரில் அதே வளாகத்தில் ஒரு கட்டடத்தின் அவசரகால ஜெனரேட்டர் தொட்டியிலிருந்து ஆயிரம் கேலனுக்கு மேல் டீசல் வழிந்து ஓடையில் கலந்துவிட்டது. இருபது ஆண்டுக்கு மேலான உழைப்பு ஒரு தொட்டி நிரம்பி வழிந்ததில் ஆட்டம் கண்டது. பராமரிப்பு என்ற சொல்லுக்கு நம்மிடம் மரியாதை குறைவு. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வைக்கிறோம். ஜெனரேட்டர் தொட்டியைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்குச் சுவர் எழுப்பியவனுக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை.

அமெரிக்கச் சட்டமும் மழைநீருக்கு வந்து சேர நேரம் பிடித்தது. 1972இன் தூய நீர்ச் சட்டம் ஆலைகளின் கழிவுக் குழாய்களைத்தான் முதலில் குறிவைத்தது. மழைநீர் 1987 திருத்தத்தில் வந்தது. 1999இல் வந்த விதியில், சொந்தமாக வடிகால் வைத்திருக்கும் அரசுப் பல்கலைக்கழகம், மருத்துவமனை, சிறை எல்லாம் ஒரு சிறு நகரம்போலவே கணக்கில் சேர்ந்தன. வளாகமும் ஒரு ஊர்தான், அதன் தண்ணீருக்கு அதுதான் பொறுப்பு என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அங்கே பல ஊர்களில் ஜாலிக்குப் பக்கத்தில் ஒரு மீனை வரைந்து, இது எந்த ஆற்றுக்கு, எந்த விரிகுடாவுக்குப் போகிறது என்று எழுதி வைக்கிறார்கள். அம்புக்குறிக்கு அப்பால் வெறும் தாளாக விடாமல் பெயரை எழுதுகிறார்கள்.

இன்னொரு கதை, இதைவிடத் துயரமானது. அமெரிக்காவின் வடமேற்கில் சியாட்டில் பக்கம் கடலிலிருந்து முட்டையிட ஓடைகளுக்குத் திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பிறகு சில மணி நேரத்தில் செத்துக்கொண்டிருந்தன. முட்டை வயிற்றிலேயே இருக்கும். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் காரணம் பிடிபடவில்லை. 2020இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து அதைக் கண்டுபிடித்தார்கள். டயர். டயரில் விரிசல் விழாமல் இருக்க அதில் சேர்க்கிற 6பிபிடி என்ற வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து வேறொன்றாக, 6பிபிடி-குயினோனாக மாறுகிறது. தேய்ந்த டயரின் தூளோடு சாலையில் கிடக்கும் அது மழையில் கரைந்து ஓடைக்குப் போகிறது. யாரும் எதையும் கொட்டவில்லை. வண்டி ஓட்டினார்கள், அவ்வளவுதான். நான் ஜாலியில் ஊற்றிய சோப்புத் தண்ணீரை நிறுத்திவிடலாம். சாலையில் என் வண்டி விட்டுவிட்டுப் போகிற கறுப்புத் தூளை எப்படி நிறுத்துவேன்?

அதற்கும் ஒரு விடையை அதே ஆய்வாளர்கள் வட்டம் வைத்திருந்தது. விஷம் எது என்று தெரிவதற்கு முன்பே அவர்கள் ஒரு சோதனை செய்திருந்தார்கள். நெடுஞ்சாலையில் வடிந்த மழைநீரைப் பிடித்து, அதில் ஒரு பங்கை மணலும் மட்கிய உரமும் கலந்த மண்ணின் வழியே இறக்கினார்கள். நேரடித் தண்ணீரில் விட்ட சால்மன்கள் செத்தன. மண்ணின் வழியே இறங்கிய தண்ணீரில் விட்டவை பிழைத்தன. இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மணல், மட்கு, செடி. இது பாட்டியின் வாழைப் பாத்தி. வேறொன்றும் இல்லை.

எங்கள் வளாகத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீலம் வந்த மூன்று இடங்களில் சமையலறை மேடையை மூன்று மாதத்தில் சாக்கடை லைனுக்கு மாற்றினார்கள். எண்ணெயைப் பிரிக்க இடையில் ஒரு தொட்டியும் கட்டினார்கள். பேருந்து கழுவுவது ஓராண்டில் இடம் மாறியது. ஆய்வுக்கூடத் தொட்டிக்கு இரண்டு ஆண்டும் எண்ணற்ற கோப்புக் குறிப்புகளும் ஆயின. அந்தத் தொட்டியில் இடைப்பட்ட காலத்தில் என்னவெல்லாம் ஊற்றப்பட்டது என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. வண்டி நிறுத்துமிடத்தின் கரைக்கல்லை நான்கு இடத்தில் உடைத்து, தண்ணீரைப் பக்கத்துப் பள்ளத்துக்குத் திருப்பினார்கள். பள்ளத்தில் மணலும் எருவும் நிரப்பிக் கல்வாழையும் வெட்டிவேரும் வைத்தார்கள். கல்வாழையைத் தேர்ந்தெடுத்தது பிளம்பர்தான். காரணம் கேட்டபோது, "எங்கம்மா வச்சிருந்தாங்க" என்றார்.

மணலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பல்கலைக்கழகங்களில் எப்போதும் ஏதாவது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டே இருக்கும். எம்-சாண்டும் தோண்டிய மண்ணும் சாலையோரத்தில் குவிந்து கிடக்கும். எடைக் கணக்கில் பார்த்தால் மழை அள்ளிப்போகும் அழுக்கில் பெரும்பங்கு மண்தான். அது ஏரியின் அடியில் படிந்து கொள்ளளவைக் குறைக்கிறது, மீன் முட்டைகளை மூடுகிறது, கூடவே ஒட்டிக்கொண்டு வந்த எண்ணெயையும் உலோகத்தையும் அங்கேயே இறக்கிவைக்கிறது. குவியலின்மேல் ஒரு தார்ப்பாய், சுற்றிலும் ஒரு வரிசை மணல் மூட்டை போதும். இதற்கு நிதிக்குழு கூட வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும். அந்த வரியைப் படித்துவிட்டு மழைக்கு முந்தின நாள் போய்ப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

இலையும் அப்படித்தான். எங்கள் சாலைகளுக்கு இருபுறமும் தூங்குமூஞ்சி மரங்கள். துப்புரவுப் பணியாளர்கள் காலையில் இலைகளைக் கூட்டி, வசதிக்காக ஜாலிக்குள் தள்ளிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. குப்பை வண்டி வருவது வாரத்துக்கு ஒருநாள். இலை தானே, மண்ணாகிப்போகும் என்று நானும் நினைத்ததுண்டு. ஆனால் இலை ஊறிய தண்ணீர் டீத்தூள் ஊறிய தண்ணீர்போல. அதிலிருந்து பாஸ்பரஸ் இறங்குகிறது, ஏரியில் பாசி பெருக்கெடுக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்தில், ஏரிக்கரையில் பல்கலைக்கழகம் இருக்கும் மேடிசன் நகரில், அமெரிக்க நிலவியல் ஆய்வகம் இதை அளந்து 2016இல் வெளியிட்டது. இலையுதிர் காலத்தில் மழைக்கு முன்பே தெருவிலிருந்து இலைகளை அப்புறப்படுத்தியபோது மழைநீரில் போகும் பாஸ்பரஸ் 84 சதவீதம் குறைந்தது. ஒரு விளக்குமாறு, ஒரு கூடை, சரியான நாள். இத்தனை மலிவான மருந்தை வேறு எந்த நோய்க்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

நம்மிடம் இந்த அறிவு இல்லாமல் இருந்ததில்லை. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து ஊருணிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குடிக்கிற ஊருணியில் செருப்புக் காலோடு இறங்க மாட்டார்கள். ஆடு மாடு இறங்காமல் வேலி இருக்கும். அதைவிட முக்கியம், தண்ணீர் வந்து சேரும் மேட்டையும் காவல் காப்பார்கள். அந்தப் பக்கம் ஒதுங்கக் கூடாது, குப்பை கொட்டக் கூடாது. மழைக் காலத்துக்கு முன் ஊரே சேர்ந்து வரத்துக்காலைச் செதுக்கிச் சுத்தம் செய்யும். மேட்டில் விழுகிற ஒவ்வொரு சொட்டும் நாளைக்குத் தன் குடத்துக்கு வரும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். வரத்துக்கால் என்ற சொல்லில் அந்த அறிவு இருக்கிறது. வடிகால் என்று சொல்லும்போது குடம் கண்ணில் படுவதில்லை. எங்களுக்கோ குடிதண்ணீர் எங்கிருந்தோ வந்தது, மழைத்தண்ணீர் எங்கோ போயிற்று. இரண்டு "எங்கோ"க்களுக்கு நடுவில் உட்கார்ந்து நாங்கள் சங்க இலக்கியத்தில் நீர்நிலைகள் என்று கருத்தரங்கம் நடத்தினோம். அந்தக் கருத்தரங்கத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிய தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று இப்போது தெரிகிறது. எனக்கு அது வலிக்கிறது.

பிளம்பர் போன பங்குனியில் ஓய்வுபெற்றார். கடைசி நாளன்று என் அறைக்கு வந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தார். முப்பது ஆண்டுகளாக அவர் தோண்டிப் பார்த்த குழாய்களையெல்லாம் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்து வைத்திருந்தார். கழிவுநீருக்குச் சிவப்பு, மழைநீருக்கு நீலம். அலுவலக வரைபடத்தில் இல்லாத பதினேழு சேம்பர்கள் அதில் இருந்தன. கடைசிப் பக்கத்தில் மதில்சுவரை ஒரு மெல்லிய கோடாகக் குறுக்கே போட்டிருந்தார். நீலக்கோடு அதில் நிற்கவில்லை. ரேஷன் கடைச் சந்து, பள்ளிக்கூடப் பின்பக்கம், சின்னப் பாலம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் எழுதிக்கொண்டே ஏரி வரைக்கும் போயிருந்தார். ஏரியை ஒரு பெரிய வட்டமாகப் போட்டு, அதன் ஓரத்தில் மீன் குத்தகைக்காரரின் செல்போன் எண்ணைக் குறித்திருந்தார்.

இந்த ஆவணியில் ஒரு மதியம் கிழக்கே வானம் கறுத்தது. கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போய் மணல் குவியலை மூடியாயிற்றா என்று பார்த்தேன். பாதிதான் மூடியிருந்தது. மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, மரத்தடியில் நின்று அந்த எண்ணுக்கு அடித்தேன். மணி வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார். பின்னணியில் காற்றின் இரைச்சல். கரையில்தான் நிற்கிறார்போலிருக்கிறது.

"இங்க இன்னும் தூறல்கூட விழல சார்" என்றார். "உங்க பக்கம் பெய்ஞ்சா ஒரு மணி நேரத்துல தண்ணி இங்க வந்துடும். நான் வரத்துக்கால் கிட்டயே இருக்கேன். வந்ததும் கையில அள்ளி மோந்து பாத்துட்டுச் சொல்றேன்."